மணிக்கட்டுக் கட்டி: அறுப்பதா, பொறுப்பதா?



சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போய், சுவா சூ காங்கில் இருக்கும் என் அக்காள் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். ஒரு காலத்தில் மிளகும் காம்பியரும், பின்னர் ரப்பரும் அன்னாசியும் விளைந்த மண் அது. 1990இல் அங்கே பெருவிரைவு ரயில் வந்தது. இன்று பார்க்கும் இடமெல்லாம் அடுக்குமாடி வீடுகள். அக்காளும் நம்மைப் போலத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தாம். இப்போது ஓர் உணவங்காடியில் பாத்திரம் கழுவுகிறார். காப்பியை நீட்டிய கையைப் பார்த்தேன். மணிக்கட்டின் மேற்புறத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு புடைப்பு. "கையை ஊன்றி எழுந்தா உயிர் போகுது தம்பி" என்றார்.

"அறுத்து எறிந்தால் தீர்ந்தது" என்பது அவர் மகனின் கட்சி. "கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா சம்பளம் யார் தருவா?" என்பது அக்காளின் கவலை. இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

இந்தக் கட்டிக்கு மருத்துவர்கள் கேங்லியன் என்று பெயர் சொல்கிறார்கள். நம் மூட்டுக்குள்ளே எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க வழுவழுப்பான நீர் உண்டு. மூட்டைச் சுற்றிய உறையில் ஓரிடம் நைந்துபோனால், சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல் அங்கே ஒரு பை புடைக்கிறது. உள்ளே இருப்பது வெண்டைக்காய்ச் சாற்றைவிடக் கெட்டியான கூழ். பைக்கு ஒரு காம்பும் உண்டு. அது மூட்டிலே வேர் கொண்டிருக்கும். இது புற்றுநோய் அன்று. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

என் சிறு வயதில், தோட்டத்தில் இதற்கு ஒரு வைத்தியம் செய்வார்கள். கையை மேசைமேல் வைத்துக் கனமான புத்தகத்தால் ஓங்கி அடிப்பது. கட்டி உடைந்து மறைவதும் உண்டு; ஆனால் காம்பு உள்ளேயே இருப்பதால் மறுபடி வரும், எலும்பும் அடிபடலாம். ஊசியைச் சுட்டுக் குத்துவது அதைவிட ஆபத்து. மூட்டுக்குள் கிருமி புகுந்தால் கையே பாழாகும்.

அக்காளைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு, கட்டியின் பக்கவாட்டில் டார்ச் ஒளியைப் பாய்ச்சினார். கட்டி முழுவதும் பளிச்சென்று ஒளிர்ந்தது. உள்ளே இருப்பது நீர்தான் என்பதற்கு அது அடையாளம். ஒளி ஊடுருவாத கெட்டிக் கட்டி என்றால் வேறு சோதனைகள் வேண்டும்.

அக்காள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அறுத்தா மறுபடி வராதுன்னு சொல்லுங்க, அறுத்துக்கறேன்." அப்படி உறுதி தர முடியாது என்றார் மருத்துவர். எனக்கு அது வியப்பாக இருந்தது. ஊர் திரும்பியதும் படித்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் மணிக்கட்டின் மேற்புறக் கட்டி உடைய 236 பேரின் நிலையை ஆறு ஆண்டுகளுக்குப் பின் விசாரித்து, 2007இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஊசியால் உறிஞ்சி எடுத்த 78 பேரில் 45 பேருக்குக் கட்டி திரும்பிவிட்டது. அறுத்து எடுத்த 103 பேரில்கூட 40 பேருக்குத் திரும்பியது. ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது தானாகவே மறைந்தது. வலியோ, மூன்று வகையாரிடமும் குறைந்தே இருந்தது. ஆனாலும் மனநிறைவு அதிகமாக இருந்தது அறுத்துக்கொண்டவர்களுக்கே. கட்டி திரும்பியவர்களும் அதில் சேர்த்தி! சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வன்று அது. ஆகவே அதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். காம்போடு சேர்த்து எடுத்தால் திரும்பும் வாய்ப்பு குறைவு என்றே அறுவை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அறுவைக்குப் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் பாரம் தூக்கவும் பிழியவும் சில வாரங்கள் ஆகும். தழும்பும் விறைப்பும் சிலருக்கு மிஞ்சும். நாடி பார்க்கும் பக்கத்தில் கட்டி இருந்தால் அங்கே ரத்தக்குழாய் ஓடுவதால் அறுப்பவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இத்தனையும் தினக்கூலிக்காரர் எண்ணிப் பார்க்க வேண்டியவை. அதற்காக வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதும் சரியன்று. விரல் மரத்துப்போனால், பிடி தளர்ந்தால், கட்டி விரைவாக வளர்ந்தால், சிவந்து காய்ச்சல் கண்டால் பொறுத்திருக்கக் கூடாது.

அக்காளுக்கு அந்த அடையாளங்கள் எவையும் இல்லை. பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் தாங்குபட்டை அணியவும், வேலை முடிந்ததும் கழற்றி விரல்களை அசைக்கவும் சொன்னார்கள். நாள் முழுக்கக் கட்டியே வைத்தால் தசை தளர்ந்துவிடுமாம். மேற்பார்வையாளரிடம் பேசி, கனமான அண்டாக்களை வேறொருவருக்கு மாற்றிக்கொண்டார்.

போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். "கட்டி அப்படியேதான் இருக்கு தம்பி. வலி பாதியாக் குறைஞ்சிருக்கு. தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன். அப்பவும் கையை ஊன்ற முடியலைன்னா, லீவு சொல்லிட்டு அறுத்துக்கிறேன்" என்றார். மகனும் சரி என்றுவிட்டானாம்.