இயற்கைப் பூச்சிமருந்தும் எஞ்சும் நஞ்சும்

வேப்பங்கொட்டையிலிருந்தும் பைரெத்ரம் பூவிலிருந்தும் எடுக்கும் பூச்சிமருந்துகள் இயற்கையானவை. ஆகவே தீங்கற்றவை என்னும் எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. அது முழு உண்மையன்று. கஞ்சாச் செடி அதற்குத் தக்க சான்று.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவ, ஆராய்ச்சித் தேவை நீங்கலாகக் கஞ்சாவை விலக்கியுள்ளது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலோ 2014 முதல் அது கடைகளில் விற்பனையாகிறது. அங்கே மூடிய கூடங்களிலும் அதை வளர்க்கின்றனர். இம்மருந்துகளை விரைந்து சிதைப்பது வெயில். வெயில் படாத கூடத்தில் அவை இலையிலும் பூவிலும் கூடுதல் நாள் தங்கும்.

கீரையைக் கழுவி உண்கிறோம். கஞ்சாவைப் புகைப்பவர் கழுவுவதில்லை. புகை நேரே நுரையீரலை அடைகிறது. சில செயற்கை மருந்துகளைக்கொண்டு நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், வடிகட்டியில்லாத குழாயில் புகைத்தபோது எச்சத்தில் 60 முதல் 70 விழுக்காடு வரை புகையோடு சென்றது. இயற்கை மருந்தைமட்டும் நெருப்பு தடுத்து நிறுத்திவிடும் என்று நம்புவதற்கில்லை.

சென்ற ஊரிலும் மாடித் தொட்டியில் கறிவேப்பிலையும் கீரையும் வளர்ப்பவர்கள் நாம். மருந்து எங்கே பிறந்தது என்று கேட்பதோடு நில்லாமல், எந்தப் பயிருக்கு உரியது, தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பவற்றையும் புட்டியின் சீட்டிற் படித்தறிவோமாக.