தோக்கியோவும் நம் பால்மரமும்

(பந்திங் வட்டாரத் தோட்டமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

தோக்கியோ மாநகரைக் கண்டுவந்த செய்தியைச் சொல்ல எழுந்தபோதே, எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், "என் தகப்பனாரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களின் ஊரையா, ஐயா, புகழப் போகிறீர்கள்?" என்று வினவினார். நியாயமான வினா. 1942, 43ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் மடிந்து, திரும்பாதவர் மிகப் பலர். அதை மறந்துவிட்டு நான் பேச வரவில்லை.

ஒரு கோடியே 40 லட்சம் மக்கள் வாழும் அந்நகரமும் தீயைக் கண்டதே. 1923இல் நிலநடுக்கம் அதை அழித்தது. 1945 மார்ச் 10ஆம் நாள் விமானக் குண்டுவீச்சில், ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். போரை நடத்தியோர் வேறு. அதில் வெந்து மடிந்த எளியோர் வேறு.

அவ்விரவில் எரிந்துபோன அசாகுசா சென்சோஜி ஆலயத்தை, 1958இல் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பினர். இடிக்கும் காற்றுக்கும் உரிய தெய்வங்கள் வாயில் காக்கின்றன. நடுவே மாபெரும் சிவப்பு விளக்கு தொங்குகிறது. ஊதுவத்திப் புகையை மக்கள் கைகளால் அள்ளித் தலையிலும் உடலிலும் தடவிக்கொள்கின்றனர். நாம் கற்பூரச் சுடரைக் கண்களில் ஒற்றிக்கொள்வது என் நினைவுக்கு வந்தது. உவேனோ பூங்காக் குளத்தின் நடுவே கோயில் கொண்டிருக்கும் பென்சைத்தென் என்னும் தெய்வமோ, பௌத்தத்தோடு கடல் கடந்து சென்ற நம் கலைமகளே!

ஆனால் என்னை வியக்க வைத்தது தோக்கியோ ரயில் நிலையம். 1914இல் திறக்கப்பட்ட செங்கல் மாளிகை அது. 1945 மே மாதக் குண்டுவீச்சில் அதன் குவிமாடங்களும் மூன்றாம் மாடியும் எரிந்தன. 2012இல் பழைய வடிவிலேயே புதுப்பித்து முடித்தனர். இன்று அம்மாளிகையைத் தாங்கி நிற்பவை எவை தெரியுமா? 352 ரப்பர் திண்டுகள்! குவே லாப்பிஸ் பலகாரத்தைப் போல, ஓரடுக்கு ரப்பர், ஓரடுக்கு எஃகுத் தகடு என மாறிமாறி ஒட்டியவை அவை. எஃகு, ரப்பர் பிதுங்காமல் காத்துப் பாரம் தாங்க உதவுகிறது. ரப்பர் பக்கவாட்டில் வளைந்து கொடுக்கிறது. நிலம் விரைந்து குலுங்கினாலும் கட்டடம் மெல்லவே அசையும்.

பெரியவரே, இத்தொழில்நுட்பத்தை வளர்த்ததில் நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சியாளருக்கும் பங்குண்டு. அவர்கள் உருவாக்கிய இயற்கை ரப்பர் திண்டுகளின் மீது 1985இலேயே கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. 2014இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலமும் இயற்கை ரப்பர் திண்டுகளின் மீதே நிற்கிறது.

செம்பனை சூழ்ந்துவிட்ட இவ்வட்டாரத்தில், 'பால் வெட்டி என்ன கண்டோம்?' என்ற ஏக்கம் எழுவதை அறிவேன். விடியுமுன் நீங்கள் கோப்பையில் இறக்கும் பால், எங்கோ ஒரு கூரை குழந்தைகளின் மீது சரியாமல் காக்கும் பொருளாகிறது. சயாமில் மாண்டோரின் கதையைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள். இக்கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.