யாருடைய படகு, யாருடைய புத்தகம்?

(உரையின் எழுத்து வடிவம்)



கடல், ஆறு, காடு, பயணம், சூழல் அழிவு இதையெல்லாம் பற்றிய புத்தகங்களைப் பேசணும்னு கேட்டாங்க. உலகம் பூரா இருக்கிற புத்தகத்தையெல்லாம் அடுக்கி வச்சி மேலோட்டமாப் பேசறதில எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு பிரதேசத்தை எடுத்துக்கிறேன். வங்காளத்தின் தண்ணீர் நாடு. பத்மா, திதாஸ் என்கிற ரெண்டு ஆறு, அப்புறம் கடல் வாயில் இருக்கிற சுந்தரவனம். நாவல் மூணு. மூணும் வேற வேற கை எழுதியது. அந்த வித்தியாசம்தான் நம்ம விஷயம்.

இயற்கை எழுத்து என்று வந்துவிட்டாலே ‘மனிதன்’ என்று ஒரு ஆள் உள்ளே வந்துவிடுகிறான். மனிதன் காட்டை அழித்தான், மனிதன் ஆற்றைக் கெடுத்தான், மனிதன் திருந்த வேண்டும். எந்த மனிதன்? படகிலே சாய்ஞ்சு உட்கார்ந்து டால்பின் பார்க்கிறவனா, அந்தப் படகைத் தள்ளுகிறவனா? இந்தப் பொதுச் சொல்லுக்குள்ளே சாதி ஒளிந்துகொள்வது போல வேறெங்கும் ஒளிந்துகொள்வதில்லை. சூழல் இயக்கத்தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவங்களோட சேர்ந்து நிற்கத்தான் இதைச் சொல்றேன்.

முதல்லே மாணிக் பந்தோபாத்யாய எழுதிய ‘பத்மா நதிர் மாஜி’, பத்மா நதிப் படகோட்டி. 1936-இல் வந்தது. எழுதியவர் பிராமணர், இடதுசாரி, பெரிய எழுத்தாளர். அதிலே சந்தேகமில்லை. குபேர் என்று பேர் வைத்த ஒரு தரித்திர மீனவன் கதாநாயகன். ராத்திரியெல்லாம் இலிசா மீன் பிடிக்கிறான். படகும் வலையும் இன்னொருத்தனுடையது, பிடிக்கிறதில் பாதி அவனுக்குப் போய்விடுகிறது. இதையெல்லாம் கறாராகவே எழுதியிருக்கிறார். நான் கவனிக்கச் சொல்வது நாவலில் வரும் மொய்னாதீவை. ஹொசேன் மியா என்கிற பணக்காரர் கடலுக்குள் ஒரு தீவு வாங்கிப்போட்டிருக்கிறார். காடு, புலி, பாம்பு. கதியத்த குடும்பங்களாப் பார்த்து ஆசை காட்டி, கடனில் மாட்டி, அங்கே கொண்டுபோய்க் குடிவைக்கிறார். கடைசியிலே குபேரும் அங்கேதான் போகிறான். ஏழை மீனவனை வைத்துத் தீவுக்காட்டை வெட்டிக் குடியிருப்பு ஆக்குவது. இதை ஞாபகம் வச்சிக்குங்க, பின்னாலே தேவைப்படும்.

இரண்டாவது, ‘திதாஸ் ஏக்டி நதிர் நாம்’, திதாஸ் ஒரு ஆற்றின் பெயர். எழுதியவர் அத்வைத மல்லபர்மன். 1914-இல் பிராமண்பாரியா பக்கத்திலே கோகர்ண காட் என்கிற ஊரில், மாலோ சாதியில் பிறந்தவர். மாலோ என்றால் வலை போடுகிற சாதி, தாழ்த்தி வைக்கப்பட்ட சாதி. ஊர் மாலோக்கள் தலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு போட்டு இவரைப் படிக்க வைத்தார்கள். கல்லூரிப் படிப்பை முடிக்க முடியாமல் கல்கத்தா போய்ப் பத்திரிகை வேலை பார்த்தார். 1951-இல் காசநோயில் செத்துப்போனார். வயது 37. நாவல் புத்தகமாக வந்தது 1956-இல். தன் புத்தகத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை. 1973-இல் ரித்விக் கட்டக் படமாக எடுத்தபிறகு பல பேருக்கு அவர் பெயர் தெரிந்தது.

இந்த நாவலை ஏன் சூழல் நாவல் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். ஏன்னா இதன் கதையே ஒரு ஆறு சாகிற கதை. திதாஸில் மண் படிகிறது. தண்ணீர் சுருங்கச் சுருங்க நடுவிலே திட்டு எழும்புகிறது. நாம படிக்கிற சூழல் புத்தகத்தில் இதோடு முடிந்துவிடும்: ஆறு வற்றியது, மீன் போனது, ஐயோ பாவம். அத்வைதர் அங்கேதான் ஆரம்பிக்கிறார். திட்டு எழும்பினதும் அது நிலம். நிலம் என்றதும் ஆள்பலம், தடிபலம் உள்ளவன் வந்து இறங்கிவிடுகிறான். தண்ணீர் இருந்தவரைக்கும் அந்த இடத்தில் பிழைத்தவன் மாலோ. தண்ணீர் வற்றியதும் அதே இடத்தில் அவனுக்கு ஒரு பிடி மண் கிடையாது. ஆற்றின் மேல் அவனுக்கு இருந்தது பழக்கம். பத்திரம் இல்லை. இயற்கை மாறினால் எல்லாருக்கும் சேதம் என்கிறோமே, ஒருத்தன் சேதம் இன்னொருத்தனுக்கு வரவு என்று காட்டுகிற எழுத்து இது.

இன்னொன்று. ஆறு சாகிறதுக்கு முன்னாலேயே மாலோக்களின் பாட்டு சாகத் தொடங்கிவிடுகிறது. வெளியிலிருந்து ஜாத்ரா கூத்துக்காரர்கள் வருகிறார்கள், ஊர் ரெண்டுபடுகிறது, கந்துவட்டிக்காரன் உள்ளே வருகிறான். அதற்கப்புறம்தான் மண் வந்து மூடுகிறது. ஒரு சமூகத்தை ஆறு மட்டும் கைவிடுவதில்லை. பசந்தி என்கிற பெண் மட்டும் இதையெல்லாம் எதிர்த்து நின்று கத்திக்கொண்டே இருக்கிறாள். படிக்கப்போன பையன் அனந்தன் படித்தவனாகத் திரும்பும்போது ஊரே இல்லை. நம்மிலே படித்து வெளியேறினவங்களுக்கு அந்தப் பக்கங்கள் சுடும்.

இப்போ மூன்றாவது. அமிதாவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதி 2004-இல் வந்த ‘தி ஹங்ரி டைட்’. பசித்த ஓதம் என்று சொல்லலாம். சுந்தரவனத்தை அந்த ஊர்க்காரர்கள் பாட்டிர் தேஷ் என்கிறார்கள், வற்றுகிற தண்ணீரின் நாடு. கடல் ஏறும்போது காடு மூழ்கும், வற்றும்போது திரும்ப முளைக்கும். அமெரிக்காவில் வளர்ந்த பியா டால்பின் ஆராய வருகிறாள். டில்லியிலிருந்து மொழிபெயர்ப்பாளன் கனாய் வருகிறான். படகு தள்ளுவது ஃபகீர், நண்டு பிடிக்கிறவன், எழுதப் படிக்கத் தெரியாதவன்.

நாவலின் வயிற்றுக்குள்ளே இன்னொரு கதை இருக்கிறது. மரிச்ஜாப்பி. வங்காளத்துக்கு வெளியே முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பெயரைக் கொண்டுபோனது இந்த நாவல்தான். அதற்காக அமிதாவ் கோஷுக்கு நன்றி சொல்லணும். ஆனா நாவல் சொல்வது பாதி. மீதியை நாம சொல்லிக்கணும்.

கதை 1946-இல் ஆரம்பிக்கிறது. அரசியல் நிர்ணய சபைக்குப் பம்பாயிலிருந்து அம்பேத்கரால் போக முடியவில்லை. வங்காளத்திலிருந்துதான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்காக நின்றவர்கள் ஜோகேந்திரநாத் மண்டலும் நாமசூத்திரர்களும். மறுவருசம் பிரிவினை. நாமசூத்திரர்கள் அடர்ந்திருந்த பிரதேசம் பெரும்பாலும் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போனது. ஜோகேந்திரநாத் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானார். 1950-இல் ராஜினாமா செய்துவிட்டு இந்தியாவுக்கு வந்தார்.

மேல்சாதி அகதிகள் முன்னாலேயே வந்து கல்கத்தாவைச் சுற்றி இடம் பிடித்துக் குடியேறிவிட்டார்கள். அவை பின்னாலே சட்டபூர்வமாகவும் ஆயின. பிற்பாடு வந்த ஏழை நாமசூத்திரர்களுக்கு வங்காளத்தில் இடமில்லை என்றார்கள். ஆறும் நெல்லும் மீனுமாக வாழ்ந்தவனை ஒரிசா, மத்தியப்பிரதேசத்தின் வறண்ட காட்டுக்கு, தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது ஆதிவாசிகளின் மண். இவனையும் அவனையும் மோத விட்டது போலவும் ஆச்சு. எதிர்க்கட்சியாக இருந்தபோது அகதிகளை வங்காளத்திலேயே குடியமர்த்தணும் என்று இடதுசாரிகள் பேசினார்கள். 1977-இல் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. நம்ம அரசாங்கம் வந்துவிட்டது என்று 1978-இல் ஜனங்கள் கிளம்பினார்கள். வழியிலேயே ரயிலிலிருந்து இறக்கித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். தப்பி வந்த சுமார் 30,000 பேர் சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பித் தீவில் இறங்கினார்கள்.

அரசாங்கத்திடம் ஒரு பைசா கேட்கவில்லை. கரை கட்டினார்கள், குழாய்க்கிணறு போட்டார்கள், பள்ளிக்கூடம், மருந்தகம், ரொட்டி அடுப்பு, பீடிப் பட்டறை, படகுப் பட்டறை. நேதாஜி நகர் என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் சொன்ன பதில்: இது ஒதுக்கப்பட்ட காடு, புலிகள் காப்பகம், மனுசன் இருக்கக் கூடாது.

இங்கேதான் இயற்கை என்கிற சொல்லை நிறுத்தி விசாரிக்கணும். அந்தத் தீவிலே இருந்த சதுப்புக்காட்டை 1975-லேயே அரசாங்கம் வெட்டிவிட்டுத் தென்னையும் சவுக்கு மாதிரி ஒரு மரமும் வியாபாரத்துக்காக நட்டிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, அரசாங்கம் வெட்டினால் அது அபிவிருத்தி, நாமசூத்திரன் குடிசை போட்டால் காடு அழிகிறது. சுந்தரவனத்தின் குடியேற்றத் தீவுகள் எல்லாமே வெள்ளைக்காரன் காலத்தில் நாமசூத்திரர், பவுண்டர், சோட்டா நாக்பூர் ஆதிவாசிகள் கையால் காடு வெட்டிக் கரை கட்டினவைதான். ஜமீனுக்காக வெட்டினபோது புலி யாருக்கும் ஞாபகம் வரலை. மொய்னாதீவை ஞாபகம் வச்சிக்கச் சொன்னேனே, அதுக்குத்தான். முதலாளிக்காகக் காடு வெட்டினால் குடியேற்றம். தனக்காக வெட்டினால் அத்துமீறல்.

1979 ஜனவரி 24-இல் தடையுத்தரவு போட்டு, போலீஸ் படகுகள் தீவைச் சுற்றி வளைத்தன. சோறு, மருந்து, குடிதண்ணி எதுவும் உள்ளே போகக் கூடாது. தண்ணீர் எடுக்கப் போன படகுகளை மோதிக் கவிழ்த்தார்கள். ஜனவரி 31 துப்பாக்கிச் சூடு. மே மாதம் நடுவிலே குடிசைகளைக் கொளுத்தி, மிஞ்சினவர்களை லாரியிலும் ரயிலிலும் ஏத்தி தண்டகாரண்யத்துக்கே திருப்பி அனுப்பினார்கள்.

செத்தது எத்தனை பேர்? அரசுக் கணக்கில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பிழைத்தவர்கள் நூற்றுக்கணக்கு என்கிறார்கள், ஆயிரம் என்கிறார்கள். ராஸ் மாலிக் என்பவர் 1999-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கைக் காட்டுகிறார். தண்டகாரண்யத்தை விட்டுக் கிளம்பின குடும்பம் 14,388. திரும்பிவந்தது 10,260. நடுவிலே காணாமல்போனது 4,128 குடும்பம். அத்தனையும் பிணம் என்று நான் சொல்லமாட்டேன். பட்டினி, நோய், குண்டு எல்லாவற்றிலும் போனவர்களோடு, எங்கேயோ சேரியிலே ரயிலடியிலே கரைந்தவர்களும் இருக்கலாம். ஆனா ஒரு கழித்தல் கணக்கு போட்டுத்தான் தன் ஜனங்களை எண்ண முடியும் என்ற நிலைமையிலே வச்சிருந்தாங்க பாருங்க. விசாரணைக் கமிஷன் கிடையாது, தண்டிக்கப்பட்டவன் எவனும் கிடையாது.

நாவலுக்குத் திரும்புவோம். மரிச்ஜாப்பியைக் கோஷ் எப்படிச் சொல்கிறார்? நிர்மல் என்கிற ஓய்வுபெற்ற வாத்தியாரின் நோட்டுப் புத்தகம் வழியாக. அவர் பழைய இடதுசாரி, கவிதைப் பித்தர், மேல்சாதிக்காரர். தீவிலிருக்கிற குசும் என்கிற பெண்மேல் அவருக்கு மனசு. ஃபகீரின் தாய் அவள். புலிக்காக எங்களைக் கொல்கிறார்களே என்று பட்டினியோடு அவள் கேட்பது நாவலின் உச்சமான இடம். படியுங்க, தொண்டை அடைக்கும். ஆனா அந்தக் கேள்வியும் வாத்தியார் நோட்டில் எழுதினபடிதான் நமக்கு வருகிறது. குசும் சாகிறாள். நோட்டு கனாய் கைக்கு வந்து, கடைசியிலே தண்ணீரில் போய்விடுகிறது.

ஃபகீரும் அப்படித்தான். நாவலில் அவன் பேசுவது மிகக் கொஞ்சம், அதையும் கனாய்தான் மொழிபெயர்க்கணும். கடைசிப் புயலில் பியாவை மரத்தோடு அணைத்துக் கட்டிக்கொண்டு, தன் முதுகில் அடியை வாங்கிச் சாகிறான். டால்பின்கள் போகிற தடம் அத்தனையும் அவன் தலைக்குள் இருந்தது. அவன் படகு போன வழியெல்லாம் பியாவின் கருவியில் பதிந்திருக்கிறது. அதை வைத்து அவள் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கி, அதற்கு அவன் பெயரையே வைக்கிறாள். கோஷ் இதை நன்றிக்கடனாக எழுதுகிறார். எனக்கு அப்படிப் படிக்க முடியலை. அவன் அறிவு தரவாக மாறி உயிரோடிருக்க, அவன் உடம்பு போய்விடுகிறது.

நாவலில் தலித் என்ற சொல் வராமலில்லை. நீலிமா அம்மாள் வாயால் வருகிறது. இந்த அகதிகளில் பெரும்பாலோர் அவர்கள்தான் என்கிறார். அதோடு சரி. கதையைத் தள்ளுகிற விசையாகச் சாதி இல்லை. அகதி, ஏழை, காடு, புலி என்று மற்ற எல்லாம் விசையாக இருக்கின்றன. அதே நாவலில் ஊருக்குள் புகுந்த புலியை ஜனங்கள் அடைத்துக் கொளுத்துகிற இடம் ஒன்று உண்டு. பியா தடுக்கப் பாய்கிறாள். ஃபகீர் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான். அந்த இடத்தில் கோஷ் யாரையும் நல்லவராக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே நான் இந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பச் சிபாரிசு செய்கிறேன்.

அன்னு ஜலே என்கிற மானிடவியலாளர் இந்தத் தீவுகளில் தங்கி ஆராய்ந்தவர். 2005-இல் ஒரு கட்டுரை, 2010-இல் ஒரு நூல். தீவு ஜனங்கள் அவரிடம் சொன்னது என்ன தெரியுமா? மரிச்ஜாப்பிக்கு முன்னாலே புலிக்கும் எங்களுக்கும் ஒரு முறை இருந்தது. போன்பீபியின் முன்னே ரெண்டு பேரும் ஒண்ணு. மரிச்ஜாப்பிக்கு அப்புறம், அரசாங்கம் தன் பக்கம் என்று புலிக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் திமிர் வந்து ஆளைத் தின்கிறது என்று. இதை மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அரசு யாருடையது என்பதைப் பற்றி இவ்வளவு துல்லியமான அரசியல் விளக்கத்தை நான் படித்ததில்லை.

இது பழைய கதை இல்லை. 2009 மே மாதம் ஐலா புயல் கரைகளை உடைத்து வயலில் உப்பு ஏற்றியது. 2020-இல் அம்பன். லோகாசரா என்கிற தீவு கடலுக்குள் போய்விட்டது, கோராமாரா கரைந்துகொண்டிருக்கிறது. வயல் போனவன் நண்டுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறான். அனுமதிச்சீட்டு இல்லாமல் போய்ப் புலியிடம் செத்தால் பெண்டாட்டி நஷ்ட ஈட்டுக்கு அலையணும். புலி விதவை என்றே அங்கே ஒரு பெயர் இருக்கிறது. இப்போ கடல் ஏறுவதால் ஜனங்களைப் படிப்படியாக வெளியேற்றி, அந்த இடத்தில் சதுப்புக்காடு வளர்க்கலாம் என்று யோசனைகள் வருகின்றன. விஞ்ஞானப்படி நியாயம் இருக்கலாம். கடல் ஏறுவது பொய்யில்லை. ஆனா எங்கே கொண்டுபோய் வைப்பாய், எந்த நிலம், யார் பெயரில் பட்டா? தண்டகாரண்யத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது.

மாணவர்களுக்கு: கோஷில் ஆரம்பிக்காதீங்க. அத்வைத மல்லபர்மனில் ஆரம்பியுங்க. கல்பனா பர்தனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1993-லிருந்து இருக்கிறது. அடுத்து மனோரஞ்சன் பியாபாரியின் தன்வரலாறு. அகதி முகாமில் வளர்ந்து, சிறையில் எழுத்துக் கற்று, ரிக்சா இழுத்த நாமசூத்திரர் எழுதினது. அதற்கப்புறம் கோஷைப் படித்தால், நிர்மல் வாத்தியாரின் நோட்டில் எது விட்டுப்போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். யாராவது திதாஸை நேரே வங்காளியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர முன்வந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்க. இப்போ கேள்விகளுக்குப் போகலாம்.