ஓலையில் இல்லாத தடை

(தலித் கிறிஸ்தவ இளைஞர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கிறிஸ்தவத் திருமணமும் உண்மை அன்பும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு ஒரு சாமியாரைக் கூப்பிட்டிருக்கலாம். பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, ஒரு மணி நேரம் இனிமையாகப் பேசியிருப்பார். என்னைக் கூப்பிட்டுவிட்டீர்கள். நான் ஓலையிலிருந்துதான் தொடங்க முடியும்.

கத்தோலிக்கக் கோவில்களில் கலியாணத்துக்கு முன்னால் மூணு ஞாயிற்றுக்கிழமை பூசையில ஓலை வாசிப்பாங்க. இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னாரை மணக்கப் போகிறார். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று.

இருபது வருசத்துக்கு முந்தி நானும் ஒரு பெண்ணும் ஓலைக்குப் பேர் கொடுக்கப் போனோம். அவங்க ஆதிக்க சாதி. நான் சேரி. ரெண்டு பேருக்கும் ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம். ஒரே பாடல் குழு. சாமியார் நோட்டைத் திறந்தார், எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தார், மூடிட்டார். "தம்பி, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா ஊரு ரெண்டுபட்டுப் போகும். கொஞ்சம் பொறுத்துப் போ. அன்புன்னா பொறுமைதானப்பா" என்றார். கெட்ட மனுசன் இல்லை. மழையில எங்க தெரு வீடுகள் விழுந்தப்போ அரிசி கொண்டாந்து கொடுத்தவர் அவர். அதனாலதான் அந்த வார்த்தை எனக்கு இன்னும் வலிக்குது.

எட்டு மாசம் பொறுத்தோம். ஓலை வாசிக்கப்படவே இல்லை. அதுக்குள்ள அவங்க வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். கடைசியில் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவாளர் அலுவலகத்தில்தான் எங்கள் கலியாணம். அங்கேயும் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டினார்கள். அதுவும் ஒரு ஓலைதான். முப்பது நாளும் தோழர்கள் மாறி மாறிக் காவல் இருந்தார்கள்.

அப்புறம்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. சாமியார் சொன்ன அந்தத் தடை எந்தச் சட்டத்தில் இருக்கு? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைத் தேடிப் பிடித்துப் படித்தேன். 1083 முதல் 1094 வரை திருமணத்தை முறிக்கும் தடைகள் பன்னிரண்டு. வயது குறைவு, முந்தைய மணம், குருப்பட்டம், துறவற வாக்கு, ஆள் கடத்தல், இரத்த உறவு என்று போகிறது பட்டியல். சாதி அதில் இல்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். இரத்த உறவு பட்டியலில் இருக்கிறது. மாமன் மகளைக் கட்டணும் என்றால் திருச்சபைச் சட்டப்படி அது தடை. ஆனால் மேற்றிராணியாரிடம் எழுதி வாங்கினால் விதிவிலக்கு உண்டு. நம்ம ஊர்களில் எத்தனையோ கலியாணம் அப்படித்தான் நடக்கிறது. சட்டத்தில் இருக்கிற தடைக்கு விலக்குக் கிடைக்கிறது. சட்டத்தில் இல்லாத தடைக்கு விலக்கே இல்லை! சொந்தத்துக்குள் கட்ட வழி உண்டு, சொந்தம் தாண்டிக் கட்ட வழி இல்லை. இதற்குப் பெயர் கிறிஸ்தவமா? அகமணம். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் காட்டிவிட்டார். அந்த உயிரைத்தான் நம்ம பங்குகள் பத்திரமாகப் பாதுகாத்துக் கொடுக்கின்றன.

அப்படியானால் திருச்சபை எதைக் கலியாணம் என்கிறது? சட்டம் 1057 சொல்வது: மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது; அந்தச் சம்மதத்தை வேறு எந்த மனித அதிகாரமும் கொடுக்க முடியாது. அப்பன் கொடுக்க முடியாது, நாட்டாமை கொடுக்க முடியாது. சட்டம் 1103 இன்னும் ஒரு படி போகிறது. பலவந்தத்தாலோ கடும் அச்சத்தாலோ நடக்கும் திருமணம் செல்லாது. யோசித்துப் பாருங்கள். காதலிச்ச பெண்ணை அடைச்சு வச்சு, விசத்தைக் குடிச்சிடுவேன்னு மிரட்டி, சொந்த சாதியில் கட்டி வைக்கிறார்களே, பீடத்துக்கு முன்னால், பாட்டுப் பூசையோடு? திருச்சபைச் சட்டப்படி பார்த்தால் அது கலியாணமே இல்லை. செல்லாத கலியாணத்துக்கு ஓலை வாசிக்கிறார்கள். செல்லுகிற கலியாணத்துக்குப் பொறுமை போதிக்கிறார்கள்.

இது புதுச் சரக்கும் அல்ல. பெற்றோர் சம்மதம் இல்லாத திருமணம் செல்லாது என்று சொன்னவர்களை 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கண்டித்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில், மறுக்கப்படும் அடிப்படை உரிமைகளுக்கு உதாரணமாக, கணவனைத் தானே தேர்ந்துகொள்ளும் பெண்ணின் உரிமையைக் குறிப்பிட்டது. புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. பங்கில்தான் இல்லை.

சரி, அன்புக்கு வருவோம். கிறிஸ்தவ அன்பு வெறும் உணர்ச்சி அல்ல, தன்னைக் கொடுப்பது என்கிறார்கள். கிறிஸ்து தன்னைக் கொடுத்ததுபோல் கணவன் மனைவிக்குத் தன்னைக் கொடுக்கணும் என்று எபேசியருக்கான கடிதம் கேட்கிறது. நான் இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் எதைக் கொடுப்பது? ஆதிக்க சாதிக் கிறிஸ்தவன் கொடுக்க வேண்டியது அவன் சாதியை. அதை மட்டும் விட்டுட்டு மீதி எல்லாவற்றையும் கொடுப்பான். அரிசி கொடுப்பான், துணி கொடுப்பான், பெண் கொடுக்க மாட்டான். நம்மிடம் கேட்பதோ பொறுமையை. இருப்பதிலேயே அதிகமாக நாம் கொடுத்து முடித்தது அதைத்தான்.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் படியுங்கள். மோசே ஒரு கூஷ் தேசத்துப் பெண்ணைக் கட்டினதுக்காக அவர் அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும் குறை பேசினார்கள். ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தள்ளப்பட்டது யார்? கூஷ் பெண் அல்ல. குறை பேசின மிரியாம். நம்ம ஊரில் வெளியே தள்ளப்படுவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

மிஷனரிகள் இதைத் தொடாமல் இல்லை. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட மறுப்பவனுக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தது. 'அன்பின் விருந்து' என்றே அதற்குப் பெயர். லைப்சிக் லுத்தரன் மிஷன் அதை ஏற்கவில்லை. சோற்றைச் சோதனையாக வைத்தார்கள். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு மறுநாள் சாதியோடு வீட்டுக்குப் போகலாம். சமபந்தி போதாது, கலப்பு மணமே மருந்து என்று 1936இல் அம்பேத்கர் எழுதியது இதனால்தான். வடக்கன்குளத்தில் வேளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலானவர்களுக்கு ஒரு பக்கம் என்று இருந்த கோவிலின் தடுப்பை 1910இல் இடித்தார்கள். கலியாணச் சுவரை இடிக்க எந்தக் கடப்பாரையும் இன்னும் வரவில்லை.

அந்தச் சுவர் ஆளையும் கொல்லும். 2018 மே மாதம் கேரளத்துக் கோட்டயத்தில் கெவின் ஜோசப் என்ற தலித் கிறிஸ்தவ இளைஞனைக் கடத்திக் கொன்றார்கள். அவன் கட்ட நினைத்ததும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணைத்தான். கடத்தலுக்குத் தலைமை தாங்கியது அவள் அண்ணன். 2019 ஆகஸ்டில் அதை ஆணவக் கொலை என்றே சொல்லி, பத்துப் பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது கோட்டயம் நீதிமன்றம். ரெண்டு பக்கமும் ஒரே சிலுவை. இதை இந்து மதத்தின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது.

இப்போ நம்ம பக்கம் திரும்புவோம். பறையர் கிறிஸ்தவர் பள்ளர் கிறிஸ்தவருக்குப் பெண் கொடுக்கிறோமா? அருந்ததியருக்கு? "அவங்க வேற" என்கிற பேச்சு நம்ம வீட்டுத் திண்ணையில் இல்லையா? வரதட்சணை வாங்கும்போது விடுதலை இறையியல் எங்கே போகிறது?

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலியாணமான முதல் வருசம் ஏதோ ஒரு சண்டையில், "உன் சாதிப் புத்தி போகுமா" என்று கத்திவிட்டேன். அவங்க அழவில்லை. "நான் எறிஞ்சுட்டு வந்ததை நீ ஏன் பொறுக்கிட்டு வந்து என் தலையில வைக்கிற?" என்று கேட்டாங்க. அம்மா செத்ததுக்குக்கூட அவங்களை வீட்டுக்குள் விடவில்லை. அந்த விலையைக் கொடுத்தவங்களிடம் நான் அப்படிப் பேசினேன். தன்னைக் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பிரசங்கமும் இல்லை, அந்தக் கேள்விதான். ஆதிக்க சாதிப் பெண்ணைக் கட்டுவதை வெற்றிக்கோப்பையாக நினைக்கிற நம்ம பையன்களுக்கும் அதுதான் பதில். அவளை ஜெயிப்பதற்காகக் கட்டினால் அதில் அன்பும் இல்லை, விடுதலையும் இல்லை.

கடைசியாக, இந்த முகாம் முடிந்து ஊருக்குப் போகும்போது மூணு கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று, ஓலைக்குப் பேர் கொடுத்தால் வாங்கணும். மறுத்தால் எந்தச் சட்ட எண்ணின்படி என்று எழுதிக் கொடுக்கணும். ரெண்டு, மண விசாரணையின்போது பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, பயமுறுத்தல் உண்டா என்று கேட்கணும். மூணு, திருமணத் தயாரிப்பு வகுப்பில் சாதி ஒரு பாவம் என்று வாய்திறந்து சொல்லணும்.

சாமியார் மறுபடியும் பொறுமை என்பார். எட்டு மாசம் பொறுத்த ஒருத்தன் சொன்னதாகச் சொல்லுங்கள்: தடை என்னிடம் இல்லை, ஓலையிலும் இல்லை. இருக்கிற இடத்தில் போய் அதை அகற்றிவிட்டு வாருங்கள், சாமி. அதுவரைக்கும் அன்பைப் பற்றிப் பேச உங்களைக் கூப்பிட மாட்டோம்.