கணக்குக் கேட்கும் உரிமை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்திலே தனாதிகாரி கணக்கறிக்கை வாசிக்கும்போது அங்கத்தவர் ஒருவர் எழுந்து விளக்கம் கேட்டால், அதனை எவரும் அவமதிப்பென்று கொள்வதில்லை. ஊரார் பணத்துக்கு ஊரார் கணக்குக் கேட்பது முறை. அங்ஙனமாயின், நமது வரிப்பணத்தில் நடக்கும் அரசாங்கத்திடம் மட்டும் ஏன் வாய்மூடி நிற்கிறோம்?

இந்தியாவின் இராசத்தான் மாநிலத்து ஏழைத் தொழிலாளர் இவ்வினாவை எழுப்பினர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு 1994ஆம் ஆண்டு முதல் அங்கே பொதுவிசாரணைகளை நடத்தியது. கூலிப் பதிவேடுகளும் செலவுச் சீட்டுகளும் மக்கள் முன் உரக்க வாசிக்கப்பட்டன. இறந்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. முடியாத வேலை முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்தது. எழுத்தறியாதோரும் பொய்யைக் கண்டுகொண்டனர். ஏட்டை அவர்கள் அறியார். ஊரில் நடந்ததை அறிவர். அக்கிளர்ச்சி வளர்ந்து, 2005இல் இந்தியாவில் தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு வழிகோலிற்று.

இலங்கையிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. பிரசை எவரும் அரசாங்கக் கந்தோரிலுள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். காரணம் கூறவேண்டியதில்லை. தருவதா, மறுப்பதா என்னும் முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கு மேல் ஆணைக்குழுவும் உண்டு. தேசிய பாதுகாப்பு, தனியார் அந்தரங்கம் முதலியவற்றுக்கு விலக்கும் உண்டு.

அரசாங்கம் தானாகவே புள்ளிவிபரங்களை இணையத்தில் வெளியிடுவதும் நன்றே. ஆனால் வாசிப்பார் இல்லையெனில், பூட்டிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் வேற்றுமை யாது?

"கேட்டால் பகை வருமே" என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் காரணமற்றதன்று. தனியொருவன் கேட்டால் பகை வரலாம். ஊரே கேட்டால் அது வழக்கமாகிவிடும். சட்டமும் இதற்கு இடந்தருகிறது. அங்கத்தவரில் முக்காற் பங்கினருக்குக் குறையாதோர் பிரசைகளாயுள்ள சங்கமும் விண்ணப்பிக்கலாம்.

ஆகவே, இவ்வாண்டில் நமது சங்கத்தின் பெயரிலேயே ஒரு விண்ணப்பம் அனுப்புவோம். நம் ஊர் வீதிகளுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு? செலவானது எவ்வளவு? வரும் பதிலை எல்லோரும் கேட்க வாசிகசாலையில் உரக்க வாசிப்போம். அதற்கு முன் நமது கணக்கேடும் எவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். கணக்குக் கேட்பவன் கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவன்.