கடலடிச் சேறு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார் தலைமையாசிரியர். ராக்கெட்டைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் சேற்றைப் பற்றிப் பேசப்போகிறேன்.

1872 டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து 'சேலஞ்சர்' என்ற கப்பல் புறப்பட்டது. போர்க்கப்பல்தான். ஆனால் இரண்டு பீரங்கிகளை மட்டும் விட்டுவைத்து, மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். கண்ணாடிப் புட்டிகளும் சாராயமும் ஏற்றினார்கள். சிரிக்காதீர்கள், சாராயம் குடிக்க அல்ல. பிடித்த உயிர்களைக் கெடாமல் ஊறவைக்க! ஓவியர் ஒருவரையும் சேர்த்து ஆய்வுக் குழுவினர் ஆறே பேர். தலைவர் வைவில் தாம்சன். கப்பலில் இருந்த மற்றவர்கள், ஏறத்தாழ 240 பேர், கடற்படை அதிகாரிகளும் மாலுமிகளும்.

கடலின் ஆழத்தை எப்படி அளந்தார்கள்? அன்றைக்கு எதிரொலிக் கருவி ஏது? கயிறுதான். நுனியில் ஒரு குழாய், கூடவே கனத்த இரும்பு எடை. கயிறு ஓட ஓட, நூறு பாகத்துக்கு எத்தனை நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பார்கள். ஓட்டம் சட்டென்று மந்தமானால் அடி தட்டிவிட்டது என்று பொருள். பிறகு நீராவி இயந்திரத்தால் கயிற்றை இழுப்பார்கள். குழாய்க்குள் ஒரு கைப்பிடிச் சேறு வரும். அதற்குத்தான் அத்தனை பாடு!

1875 மார்ச் 23ஆம் நாள், பசிபிக்கில் மரியானா தீவுகளுக்குத் தென்மேற்கே, கயிறு 4,475 பாகம் இறங்கியது. பாகம் என்றால் ஆறடி. நம் கினாபாலு மலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் என்ன உயரமோ, ஏறக்குறைய அத்தனை ஆழம்.

முதலில் வலை மேலே வரும்போது எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்களாம். மாதக்கணக்கில் அதே வேலை என்றானதும் மாலுமிகளுக்கு வெறுத்துவிட்டது; அதற்கு ஒரு கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள். விடிந்தால் பெரட்டு, பிறகு அதே நிரை என்று இருப்பவர்களுக்கு அந்த அலுப்பை நான் விளக்க வேண்டியதில்லை. 1873இல் வலை இழுக்கும்போது இரும்புக் கப்பி பிய்த்துக்கொண்டு அடித்து ஓர் இளம் மாலுமி இறந்தான். 1875இல், விஞ்ஞானிகளில் ஒருவரான வில்லமோஸ் சூம் நோயுற்று, 28 வயது நிறைந்த இரண்டாம் நாள் நடுக்கடலில் மறைந்தார். பல பேர் வழித் துறைமுகங்களில் இறங்கி ஓடியே போனார்கள். 1876 மே மாதம் கப்பல் திரும்பியபோது, முதலில் புறப்பட்டவர்களில் 144 பேர்தான் அதில் இருந்தார்கள்.

இனிச் சேற்றுக்கு வருவோம். 1868இல் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி, புட்டியில் பல ஆண்டுகள் இருந்த கடலடிச் சேற்றைப் பார்த்தார். அதில் கூழ் மாதிரி ஒன்று தெரிந்தது. 'இது உயிருள்ள பொருள்' என்று சொல்லிப் பெயரும் வைத்துவிட்டார். உலகமே நம்பியது. சேலஞ்சர் கப்பலிலோ, புதிதாக எடுத்த சேற்றில் எவ்வளவு தேடியும் அந்தக் கூழைக் காணோம்! புட்டியில் சாராயம் ஊற்றி வைத்த சேற்றில் மட்டும் இருந்தது. கப்பலின் வேதியியலார் புக்கானன் சோதித்துப் பார்த்தார். பால் வெட்டியவர்களுக்குத் தெரியும், ரப்பர் பாலில் திராவகம் விட்டால் என்ன ஆகிறது? உறைகிறது அல்லவா? காரணம் வேறு என்றாலும், இங்கேயும் ஊற்றியதுதான் வேலையைக் காட்டியது. கடல்நீரில் சாராயம் கலந்ததும் அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து கூழாகப் பிரிந்திருக்கிறது. உயிராவது, ஒன்றாவது!

தாம்சன் இதை ஹக்ஸ்லிக்கு எழுதினார். ஹக்ஸ்லி என்ன செய்தார் தெரியுமா? 1875இலேயே, தவறு தம்முடையது என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். அவருடைய எத்தனையோ கண்டுபிடிப்புகளைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பயணத்தின் அறிக்கை 50 தொகுதிகளாக 1895இல் முடிந்தது. அதில் மீன் உண்டு, சேறு உண்டு, நீரின் வெப்பம் உண்டு. மாலுமிகள் என்ன தின்றார்கள், எதற்கு முணுமுணுத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஜோசப் மேட்கின் எழுதிய கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும். அவன் கப்பலின் பண்டசாலையில் உதவியாள், புறப்படும்போது வயது 19. துறைமுகம் துறைமுகமாக வீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். அவை 1992இல் புத்தகமாக வந்தன.

பரிசு வாங்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.