ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால்



மார்பகப் புற்றுநோய் வந்தால் பிழைக்க முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. தொடக்கத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை பெற்றால் பலரும் குணமடைகிறார்கள். சித்தூர்ப் பக்கத்துப் பெண்கள் திருப்பதிக்கும் வேலூருக்கும் போய்ச் சிகிச்சை பெறுகிறார்கள்.

குணமான பெண்ணிடம் சில சமயம் ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்பார்கள். ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவுதான் எடுப்பார்கள். சில விவரங்களும் கேட்பார்கள். எத்தனை பிள்ளைகள்? தாய்ப்பால் கொடுத்தீர்களா? அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது இந்த நோய் உண்டா?

இதனால் என்ன பயன்? அமெரிக்காவில் மேரி கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி 23 குடும்பங்களை ஆராய்ந்தார். அக்குடும்பங்களில் 146 பேருக்கு இந்த நோய் வந்திருந்தது. சில குடும்பங்களில் நோய் பரம்பரையாக வருவதற்குக் காரணமான மரபணு எங்கே இருக்கிறது என்பதை 1990இல் அவர் கண்டுபிடித்தார். இன்று அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்களை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடிகிறது. நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் மரபணு விவரங்களைச் சென்னை ஐ.ஐ.டி. 2025இல் வெளியிட்டது.

ஆனால் கேட்காமல் எடுப்பது தவறு. அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1951இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவர் உடலிலிருந்து எடுத்த உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. குடும்பத்தாருக்கும் பல ஆண்டுகள் தெரியவில்லை.

நம் நாட்டில் இதற்கு நெறிமுறைகள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டது. அவற்றில் முக்கியமானவை இவை:

1. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தெலுங்குப் படிவம் புரியாவிட்டால் தமிழில் கேளுங்கள்.

2. விருப்பம் இல்லை என்றால் மறுக்கலாம். அதனால் உங்கள் சிகிச்சை நிற்கக் கூடாது.

3. சம்மதித்த பிறகும் விலகிக்கொள்ளலாம்.

4. உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

5. ஆராய்ச்சிச் சோதனைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது.

6. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் படிவத்தைப் படித்துக் காட்டும்போது, படித்த சாட்சி ஒருவர் உடன் இருக்க வேண்டும். அவர் ஆராய்ச்சிக் குழுவைச் சேராதவராக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இது ஆராய்ச்சி; சிகிச்சை அல்ல. ரத்தம் கொடுத்தவருக்கே உடனே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அவருடைய மகளுக்கோ பேத்திக்கோ கிடைக்கலாம். அதை அறிந்து மனமாரக் கொடுப்பது பெரிய உதவி.

நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். படிவத்தைக் கையில் வாங்குங்கள். நிதானமாகப் படியுங்கள். புரியாத சொல்லைக் கேளுங்கள். வீட்டில் கலந்து பேச அவகாசம் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். படிவத்தின் நகல் ஒன்றையும் மறக்காமல் வாங்கி வாருங்கள்.